ரீட்() போனது திரும்பி வரவில்லை: மொபைல் ஜாவா கேள்வி பதில்

மலையகத்தில் அன்ட்ராய்ட் செயலி எழுதும் பிள்ளைகளிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு வியாதி ஒன்றுதான். இன்புட்ஸ்ட்ரீமில் (வெளியிலிருந்து பைட்கள் வந்துசேரும் ஜாவாக் குழாயில்) அடுத்த பைட்டை எடுக்க ரீட்() கூப்பிட்டார்கள், அது அங்கேயே நின்றுவிட்டது. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி: அக்கா, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இருக்கும் டிஜிட்டல் தராசில் எச்.சி-05 புளூடூத் மொடியூலைப் பொருத்தி, நிறையைப் போனில் எடுக்கப் பார்க்கிறேன். 'கனெக்ட்' பட்டனை அழுத்தினால் திரை உறைந்து, செயலி பதிலளிக்கவில்லை என்ற பெட்டி வருகிறது. பட்டனின் ஆன்கிளிக்குக்குள்ளேயே, ரீட்() -1 தரும்வரை வைல் லூப் ஓட விட்டிருக்கிறேன். எங்கே பிழை?

பதில்: இரண்டு இடத்தில், தம்பி. முதலில் ரீட்() என்ன செய்யும் என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பைட் ஏதாவது வந்தால் திரும்பும். மறுமுனை ஸ்ட்ரீமை மூடினால் -1 தரும். பிழை நேர்ந்தால் ஐஓஎக்செப்ஷன் எறியும். மூன்றும் நடக்காவிட்டால் காத்திருக்கும், எத்தனை மணி நேரமானாலும் சரி. தராசு இணைப்பில் இருக்கும்வரை ஸ்ட்ரீம் முடிவதே இல்லை, ஆகவே -1 வராது, உங்கள் லூப்பும் முடியாது. கோப்பு படிக்கப் பழகிய கை புளூடூத்துக்கும் அதே லூப்பை எழுதிவிடுகிறது.

இரண்டாவது, அந்தக் காத்திருப்பு மெயின் திரெட்டில் நடக்கிறது (திரெட் என்பது செயலிக்குள் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஒரு தடம்). திரையை வரைவதும் விரல் தொடுகையைக் கவனிப்பதும் அதே திரெட்தான். ஒரு தொடுகைக்கு 5 செக்கனுக்குள் பதில் இல்லையென்றால் அன்ட்ராய்ட் அந்தப் பெட்டியைக் காட்டும். படிக்கும் வேலையைத் தனித் திரெட்டுக்கு மாற்றுங்கள். கிடைத்த நிறையை ஹேண்ட்லர் மூலமாகவோ ரன்ஆன்யூஐதிரெட்() மூலமாகவோ திரைக்கு அனுப்புங்கள். ஸ்ட்ரீமில் இருந்து படிக்கும்போது மட்டுமல்ல, கனெக்ட்() அழைப்பிலும் திரெட் நின்று காத்திருக்கும். அதையும் கூடவே கொண்டுபோங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் அதிகம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு ரீட்() என்பது ஒரு நிறை என்று எண்ணாதீர்கள். தராசு 12.5 என்று அனுப்பினாலும், முதல் ரீட்() '12' என்பதோடு திரும்பலாம், '.5' அடுத்ததில் வரலாம். இன்னும் மோசம், '1' முதலிலும் '2.5' பிறகும் வரலாம். மேலதிக கிலோவுக்குக் காசு போடுகிற இடத்தில் இது வெறும் புரோகிராம் பிழையாக நிற்காது, கொழுந்து பறித்த அம்மாவின் கணக்கில் கை வைக்கும். ஆகவே வருகிற பைட்களை ஒரு பஃபரில் சேர்த்துக்கொண்டே போங்கள். வரி முடிவுக் குறி வந்த பிறகுதான் முழு வரியை எடுத்துப் பிரித்துப் படியுங்கள். கனெக்ட் ஆனதும் கிடைக்கும் முதல் வரி நடுவில் தொடங்கியிருக்கக்கூடும், அதைத் தூக்கி எறியுங்கள். பல தராசுகள் நிறை நிலையாகிவிட்டதா, இன்னும் ஆடுகிறதா என்பதையும் அதே வரியில் சொல்லும். உங்கள் தராசின் கையேட்டில் வரியின் வடிவம் இருக்கும், அதைப் படிக்காமல் எண்ணை மட்டும் வெட்டி எடுக்க வேண்டாம்.

அதே தம்பி, மறுபடி: தனித் திரெட் போட்டேன், வேலை செய்கிறது. ஆனால் 'பேக்' அழுத்தி வெளியே வந்தாலும் திரெட் சாகவில்லை. இன்டரப்ட்() கொடுத்தும் பார்த்துவிட்டேன்.

பதில்: இன்டரப்ட்() ஸ்லீப்(), வெய்ட்() போன்றவற்றில் இருக்கும் திரெட்டைத்தான் எழுப்பும். சாக்கெட் ரீட்()-இல் மாட்டிய திரெட்டுக்கு ஒரு கொடியை உயர்த்திவிட்டுப் போய்விடும், அந்தக் கொடியைப் பார்க்க அங்கே ஆள் இல்லை. வழி ஒன்றுதான்: வேறொரு திரெட்டிலிருந்து சாக்கெட்டை க்ளோஸ்() செய்யுங்கள். புளூடூத்சாக்கெட்டில் க்ளோஸ்() நடந்துகொண்டிருக்கும் வேலையை உடனே நிறுத்தும் என்று அன்ட்ராய்டின் ஆவணமே உறுதி தருகிறது. ரீட்() அப்போது ஐஓஎக்செப்ஷனோடு வெளியே வரும்.

மூடுவதற்கு முன் 'நான்தான் மூடுகிறேன்' என்று ஒரு வொலடைல் பூலியனை (எல்லாத் திரெட்டுக்கும் உடனே தெரியும் ஆம்/இல்லை மாறியை) ட்ரூ ஆக்கிவிடுங்கள். கேட்ச் பகுதியில் அதைப் பார்த்து, நீங்களே மூடியதென்றால் சத்தமில்லாமல் முடியுங்கள், இல்லையென்றால் 'தராசு இணைப்பு அறுந்தது' என்று திரையில் காட்டுங்கள்.

புளூடூத்சாக்கெட்டுக்கு டைம்அவுட், அதாவது இத்தனை நேரத்துக்கு மேல் காத்திராதே என்ற எல்லை, வைக்கும் வசதி கிடையாது. ஆகவே ஒரு காவல்காரனை நீங்களே வைக்க வேண்டும். கடைசியாக பைட் வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து அனுப்பும் தராசு 10 செக்கன் பேசாமல் இருந்தால், அந்தக் காவல் வேலை சாக்கெட்டை மூடட்டும். பட்டன் அழுத்தினால் மட்டும் அனுப்பும் தராசென்றால் இந்தக் கணக்கு பொருந்தாது.

பண்டாரவளையிலிருந்து: எத்தனை பைட் கைவசம் என்று சொல்லும் அவெய்லபிள்() பூச்சியத்துக்கு மேல் இருந்தால் மட்டும் ரீட்() கூப்பிட்டால் போதாதா? நிற்கும் பிரச்சினையே வராதே?

பதில்: வராது, ஆனால் வேறு மூன்று வரும். ஸ்ட்ரீம் முடிந்ததை அவெய்லபிள்() சொல்லாது. இன்னும் எதுவும் வரவில்லை என்றாலும் 0, மறுமுனை மூடிவிட்டுப் போய்விட்டது என்றாலும் 0. அப்புறம், இன்புட்ஸ்ட்ரீம் வகுப்பில் அதன் இயல்பான பதிலே 0தான். துணை வகுப்பு அதை மாற்றி எழுதியிருந்தால்தான் உண்மையான எண் கிடைக்கும். மறைகுறியாக்கிய இணைப்புகளில் தரவு வந்து காத்திருக்கும்போதே 0 சொல்லக்கூடும். மூன்றாவது பேட்டரி. பஸ் வருகிறதா என்று ரோட்டுக்கு ஓடி ஓடிப் பார்க்கிற மாதிரி லூப் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் ஸ்லீப்() வைத்தால் அந்த அளவுக்குத் தாமதம்.

தனித் திரெட்டில் நிம்மதியாக நின்று காத்திருக்கும் ரீட்() பேட்டரியை அப்படித் தின்னாது. காத்திருப்பது குற்றமில்லை. காத்திருப்பதை முடிக்க உங்கள் கையில் வழி இல்லாமல் இருப்பதுதான் குற்றம்.

அவெய்லபிள்() தரும் எண்ணை வைத்து முழுப் பதிலுக்கும் அரே அளவு எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது இப்போதைக்குக் கைவசம் இருப்பதன் மதிப்பீடு மட்டுமே. நெட்வேர்க்கில் அது மொத்த அளவாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை.

ஹட்டனிலிருந்து ஒரு தங்கச்சி: பாடக் குறிப்புகளை டவுன்லோட் செய்யும் செயலி எழுதியிருக்கிறேன், இணையத்திலிருந்து எடுக்க ஜாவாவின் எச்டிடிபியூஆர்எல்கனெக்ஷன்தான். ரயிலில் கொட்டகலைப் பக்கம் போகும்போது சிங்கமலைச் சுரங்கத்துக்குள் சிக்னல் போனால் டவுன்லோட் நிற்கிறது. அது சரி. ஆனால் வெளியே வந்து சிக்னல் திரும்பிய பிறகும் அதே சதவீதத்தில் நிற்கிறதே, ஏன்?

பதில்: நல்ல கேள்வி, தங்கச்சி. மறுமுனை அனுப்பியது வழியில் தொலைந்ததும், மறுமுனை இன்னும் எதையும் அனுப்பாததும் உங்கள் போனுக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். சுரங்கத்துக்குள் இருந்த நேரத்தில் சேர்வர் சலித்துப்போய் இணைப்பைக் கைவிட்டிருக்கலாம். அல்லது வெளியே வந்ததும் போனுக்கு வேறு ஐபி முகவரி கிடைத்திருக்கலாம். பழைய இணைப்பு செத்த செய்தி உங்கள் பக்கம் வந்து சேரவே இல்லை. டிசிபியின் கீப்அலைவ் (மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் வசதி) காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். அதை இயக்கினாலும் லினக்ஸில் முதல் சோதனைக்கு இயல்பாக 2 மணித்தியாலம் ஆகும், அதற்குள் நீங்கள் நானுஓயாவையும் தாண்டிவிடுவீர்கள்.

எச்டிடிபியூஆர்எல்கனெக்ஷனில் கனெக்ட் டைம்அவுட், ரீட் டைம்அவுட் இரண்டும் இயல்பாக 0. செக்கன் பூச்சியம் என்று அர்த்தமில்லை, எல்லையே இல்லை என்று அர்த்தம். செட்கனெக்ட்டைம்அவுட்(), செட்ரீட்டைம்அவுட்() இரண்டையும் மில்லிசெக்கனில் கொடுங்கள். வெறும் சாக்கெட் பாவிப்பவர்களுக்கு அதே வேலையைச் செட்சோடைம்அவுட்() செய்யும். ஓகேஎச்டிடிபி என்ற நூலகத்தைப் பாவித்தால் இணைக்க, படிக்க, எழுத என்று தலா 10 செக்கன் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். நம் மலைப்பாதைகளுக்கு ரீட் டைம்அவுட் 20 செக்கன் அளவில் வைப்பது என் விருப்பம். 5 செக்கன் வைத்தால் ஒவ்வொரு வளைவிலும் செயலி தோற்றுப்போகும்.

ஒன்றைக் கவனியுங்கள்: அது ஒவ்வொரு ரீட்()-க்கும் தனித்தனி எல்லை, முழு டவுன்லோடுக்கும் இல்லை. 20 செக்கன் எல்லை வைத்திருக்கும்போது சேர்வர் 19 செக்கனுக்கு ஒரு பைட் சொட்டிக்கொண்டிருந்தால் டைம்அவுட் ஒருநாளும் வராது. மொத்த நேரத்துக்கும் எல்லை வேண்டுமானால் ஓகேஎச்டிடிபியின் கால்டைம்அவுட் இருக்கிறது. அது இயல்பாக இயங்காது, நீங்கள்தான் வைக்க வேண்டும். மற்ற இடங்களில் நீங்களே நேரம் பார்த்து இணைப்பைத் துண்டியுங்கள்.

டைம்அவுட் வந்த பிறகு முதலிலிருந்து தொடங்கி டேட்டாவை வீணாக்காதீர்கள். எத்தனை பைட் சேமித்தீர்களோ அங்கிருந்து தரும்படி ரேஞ்ச் ஹெடரோடு மறுபடி கேளுங்கள். சேர்வர் 206 என்று பதில் சொன்னால் மிச்சம் வருகிறது, கோப்பின் கடைசியில் ஒட்டுங்கள். 200 என்றால் முழுக் கோப்பையும் தொடக்கத்திலிருந்து அனுப்புகிறது, பழையதை அழித்துவிட்டு எழுதுங்கள். இதைப் பார்க்காமல் ஒட்டினால் பிடிஎஃப் திறக்காது, பிள்ளைகள் உங்களைத்தான் திட்டுவார்கள்.

நுவரெலியாவிலிருந்து: தமிழ்ச் செய்தி படிக்கும்போது இடையிடையே எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறிக் கட்டம் வருகிறது. ஆங்கிலத்தில் பிரச்சினையே இல்லை.

பதில்: 1024 பைட் பஃபரில் படித்து, ஒவ்வொரு முறையும் அதை உடனே ஸ்ட்ரிங் ஆக்குகிறீர்கள், சரிதானே? யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் வேண்டும். 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடு, 6 பைட். 1024ஐ 3ஆல் மீதியில்லாமல் வகுக்க முடியாது என்பதால், பஃபர் முழுதாக நிரம்பினாலும் எங்கேயாவது ஓர் எழுத்து இரண்டாக வெட்டுப்படும். அதற்காக 1023 என்று மாற்றாதீர்கள். நெட்வேர்க் ரீட்() பஃபரை நிரப்பும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, இடைவெளிகளும் ஒரு பைட்தான். இன்புட்ஸ்ட்ரீம்ரீடரை யூடிஎஃப்-8 என்று பெயர் சொல்லித் திறந்து அதிலிருந்து படியுங்கள். வெட்டுப்பட்ட எழுத்தை அது கையில் வைத்திருந்து அடுத்த துண்டோடு சேர்த்துத் தரும்.

கண்டியிலிருந்து: ஒவ்வொரு பைட்டாகப் படிக்கிறேன். எழுத்துக் கோப்பு வருகிறது, ஜேபெக் படம் மட்டும் பூச்சியம் பைட்டாக வருகிறது.

பதில்: ரீட்() தருவதை நேரே பைட் மாறியில் போட்டு -1உடன் ஒப்பிடுகிறீர்கள். ரீட்() இன்ட் தருவதற்குக் காரணமே இதுதான்: 0 முதல் 255 வரை தரவு, -1 முடிவு. பைட்டில் அடைத்தால் 255உம் -1 ஆகிவிடும். ஜேபெக் கோப்பின் முதல் பைட்டே 255. இன்ட் மாறியில் வாங்குங்கள்.

பதுளையிலிருந்து: கொட்லினுக்கு மாறிவிட்டேன். காத்திருக்கும் வேலைகளை வேறு திரெட்களுக்கு அனுப்பும் டிஸ்பாச்சர்ஸ்.ஐஓ போட்டால் இந்தக் கவலை எல்லாம் தீர்ந்ததா?

பதில்: திரை உறைவது தீரும். ரீட்() நிற்பது தீராது, வேறொரு திரெட்டில் நிற்கும், அவ்வளவுதான். கொரூட்டீனை (கொட்லினில் பின்னணியில் ஓடும் வேலையை) கான்சல் செய்தாலும், வித்டைம்அவுட் போட்டாலும், உள்ளே நிற்கும் ரீட்() அதைக் கேட்பதில்லை. அது திரும்பும்வரை வித்கொன்டெக்ஸ்டும் காத்திருக்கும். அந்த டிஸ்பாச்சருக்கு இயல்பாக 64 திரெட்தான் எல்லை, கோர் அதற்கு மேல் இருந்தால் அந்த எண்ணிக்கை. கான்சல் ஆகும்போது சாக்கெட்டை மூடும்படி நீங்களே எழுத வேண்டும். தலவாக்கலைத் தம்பிக்குச் சொன்ன மருந்துதான்.

கொட்டகலையிலிருந்து: சேர்வரும் நானே எழுதினேன். ஜாவா ஆப்ஜெக்ட்களை அப்படியே வாங்க இரண்டு பக்கமும் ஆப்ஜெக்ட்இன்புட்ஸ்ட்ரீம் திறக்கிறேன். இரண்டு பக்கமும் நிற்கிறது, பிழைச் செய்தியும் இல்லை.

பதில்: ஆப்ஜெக்ட்இன்புட்ஸ்ட்ரீம் உருவாகும்போதே மறுமுனையின் தலைப்பு பைட்களுக்காகக் காத்திருக்கும். அந்த பைட்களை அனுப்புவது மறுமுனையின் ஆப்ஜெக்ட்அவுட்புட்ஸ்ட்ரீம். இருவரும் முதலில் இன்புட்டைத் திறந்தால் 'நீ முதலில் பேசு' என்று இருவருமே உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பக்கமும் அவுட்புட்டை முதலில் உருவாக்கி ஃப்ளஷ்() செய்துவிட்டு, பிறகு இன்புட்டைத் திறவுங்கள். ரீட்லைன்() பாவிப்பவர்களுக்கும் இதன் தம்பி ஒருவன் இருக்கிறான்: சேர்வர் வரி முடிவுக் குறியை அனுப்ப மறந்தால் ரீட்லைன்() வராது. அதோடு, ரீட்லைன்() நடுவில் டைம்அவுட் ஆனால் அதுவரை படித்த பாதி வரி தொலைந்துபோகலாம். டைம்அவுட் வந்தபின் அதே ரீடரில் தொடராமல் புதிதாக இணையுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து: சிரிக்காதீர்கள், மாமாவின் பழைய பட்டன் போனுக்கு ஜே2எம்இ மிட்லெட் (அந்தக் கால போன்களின் ஜாவாச் செயலி) எழுதிப் பார்க்கிறேன். பட்டன் அழுத்தியதும் ஓடும் கமாண்ட்ஆக்ஷனில், இணைப்பைத் திறக்கும் கனெக்டர்.ஓபன்() கூப்பிட்டால் 'இணையத்துக்கு அனுமதிக்கவா' என்ற கேள்விக்குப் பிறகு உறைகிறது.

பதில்: சிரிக்கவில்லை, நிற்கும் ரீட்()டைப் பற்றிக் கற்க அதைவிடக் கண்டிப்பான வாத்தியார் இல்லை. கமாண்ட்ஆக்ஷனைக் கூப்பிடுவது திரையின் நிகழ்வுகளைக் கவனிக்கும் திரெட். நீங்கள் அழுத்தும் 'ஆம்' என்ற பதிலை வாங்க வேண்டியதும் அதுவே, ஆனால் அது ஓபன்()-இல் மாட்டிக் கிடக்கிறது. புதிய திரெட்டில் திறவுங்கள். ஓபன்()-இன் மூன்றாவது பராமீட்டர் டைம்அவுட் வேண்டுமென்ற விருப்பத்தை மட்டுமே சொல்லும், எத்தனை செக்கன் என்று சொல்ல இடமில்லை, போன் அதை மதிக்கவும் வேண்டியதில்லை. போனில் இருப்பது சிஎல்டிசி (ஜே2எம்இயின் அடிப்படைப் பகுதி) 1.0 என்றால் திரெட்டில் இன்டரப்ட்()-கூடக் கிடையாது, 1.1இல்தான் வந்தது. ஆகவே டைமர் ஒன்று வைத்து, நேரம் கடந்தால் இணைப்பை மூடுங்கள். அதற்குப் பிறகு தாமதமாக வரும் பதிலை ஏற்காதபடி ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் கொடுத்து ஒப்பிடுங்கள்.

ஹப்புத்தளையிலிருந்து: இதையெல்லாம் சரியாக எழுதினேனா என்று வீட்டில் இருந்தபடி எப்படிச் சோதிப்பது? ஏரோப்ளேன் மோட் போட்டால் செயலி ஒழுங்காகப் பிழை காட்டுகிறது.

பதில்: அது நியாயமான சோதனை இல்லை. ஏரோப்ளேன் மோட் போட்டால் போனுக்கே இணைப்பு போனது தெரியும், ரீட்() சீக்கிரம் பிழையோடு திரும்பிவிடும். வெளியே நடக்கும் சிக்கலோ, இணைப்பு இருப்பதாகப் போன் நம்பிக்கொண்டிருக்கும்போது எதுவும் வராமல் போவது. வீட்டு வைஃபை ரூட்டருக்கு வரும் இணைய வயரை மட்டும் கழற்றுங்கள். போன் வைஃபையிலேயே இருக்கும், பைட் எதுவும் வராது. லப்டொப் இருந்தால் சேர்வர்சாக்கெட் ஒன்றைத் திறந்து, இணைப்பை ஏற்றுக்கொண்டு எதுவும் எழுதாமல் சும்மா இருக்கும் சின்ன புரோகிராம் ஒன்று எழுதுங்கள். பிறகு அதையே செக்கனுக்கு ஒரு பைட் அனுப்பும்படி மாற்றுங்கள், அதற்கும் பிறகு பாதிப் பதிலோடு நிற்கும்படி மாற்றுங்கள். மூன்றிலும் உங்கள் செயலி என்ன செய்கிறது, 'பேக்' அழுத்தினால் திரெட் சாகிறதா என்று அன்ட்ராய்ட் ஸ்டூடியோவின் ப்ரொஃபைலரில் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.