அந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள்

அம்மா, உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், அடியில், போகிறபோக்கில் எழுதியிருக்கும் நான்கு வரிகளைப் படித்ததும் மற்றக் கடிதங்களை ஓரம் வைத்துவிட்டேன். கண் இமை துடிப்பதற்கு அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இதற்கு நான்கே வரிகள்.

போன மாதம் காலையில் களி கிண்டிக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து துடுப்பு நழுவி விழுந்திருக்கிறது. எடுக்கக் குனிந்தால் விரல்கள் மடங்கவில்லை. மருமகளைக் கூப்பிட வாயெடுத்தால் பெயர் வரவில்லை, நாக்கு குழறியது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதை அவர் பார்த்திருக்கிறார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள், பத்து நிமிடத்தில் கை வந்துவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. ‘பித்த மயக்கம்’ என்று நீங்களே முடிவுகட்டி, மறுநாள் புளியில் கொட்டை எடுக்கும் வேலைக்குப் போய்விட்டீர்கள்.

அது பித்தமில்லை. நேரில் பார்க்காமல் எந்த மருத்துவரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இதைத் தற்காலிகப் பக்கவாதம் என்றே எடுத்துக்கொண்டு பரிசோதிக்க வேண்டும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் ஒன்றில் உறைந்த இரத்தத்தின் சிறு கட்டி போய் அடைத்திருக்கும். நல்ல வேளையாகத் தானே கரைந்திருக்கும். வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போனதை நீங்கள் தற்செயல் என்று நினைக்கிறீர்கள். உடலின் வலப்பக்கத்தை ஆள்வது மூளையின் இடப்பக்கம். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அங்கேதான் குடியிருக்கிறது. இடப்பக்கம் ஒரே குழாய் அடைபட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் போகும். மூளை உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் உடலுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்கு வேண்டும். சேர்த்து வைத்துக்கொள்ளும் வழக்கமும் அதற்குக் கிடையாது. இரத்தம் நின்ற சில நொடிகளிலேயே கை துவளும், நாக்கு குழறும்.

உங்கள் அம்மா பக்கவாதத்தில் விழுந்து நான்கு ஆண்டுகள் கட்டிலோடு கிடந்ததை எழுதியிருக்கிறீர்கள். அவருக்குச் சோறு ஊட்டியதும் புண் வராமல் புரட்டிப் போட்டதும் நீங்கள்தான். கடிதம் முழுக்க நரம்பு நரம்பு என்று எழுதினாலும், உங்கள் பயம் அந்தக் கட்டில்தான் என்று எனக்குப் புரிகிறது. அதற்குத்தான் இந்தப் பதில். அம்மாவுக்கு வந்தால் மகளுக்கும் வந்தே தீரும் என்பதில்லை. சொந்தத்தில் இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆனால் உங்களுக்கு முன்னறிவிப்பு வந்திருக்கிறது. இப்படி வந்து போன பிறகு பெரிய அடைப்பு வரும் ஆபத்து முதல் இரண்டு நாளில்தான் மிக அதிகம். ஒரு மாதம் தாண்டிவிட்டீர்கள் என்பதில் எனக்கு நிம்மதி. அதற்காக இன்னும் ஒரு வாரம் தள்ளலாம் என்று அர்த்தமில்லை.

நாளையே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். பாலக்கோட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று இ.சி.ஜி., தலை ஸ்கேன், கழுத்து இரத்தக் குழாய் ஸ்கேன், இவைதான் வேண்டும். ஸ்கேன் பார்த்த பிறகு இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறார் என்று ஆஸ்பிரினை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மூளையில் கசிவு இருந்தால் அதே மாத்திரை ஆபத்தாகிவிடும்.

இரத்த அழுத்த மாத்திரையை ‘சரியாகிவிட்டது’ என்று ஆறு மாதத்துக்கு முன்பே நிறுத்திவிட்டதாக ஒரு வரி இருக்கிறது. அம்மா, சரியாக இருந்ததே மாத்திரையால்தான்! அதை நிறுத்தினால் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும், வலிக்காது, தலைகூடச் சுற்றாது. வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021 ஆகஸ்டில் தொடங்கிவைத்ததே பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். உங்கள் ஊர் சுகாதாரப் பணியாளரிடம் பெயர் கொடுத்தால் மாதாமாதம் வாசலுக்கே வரும். எந்த மாத்திரை, எத்தனை என்பதை மட்டும் நாளைக்குப் பார்க்கும் மருத்துவர் முடிவுசெய்யட்டும். பழைய அட்டையை எடுத்து நீங்களே ஆரம்பித்துவிடாதீர்கள்.

இன்னொரு முறை வந்தால் செய்ய வேண்டியதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். சிரிக்கச் சொன்னால் வாய் கோணுகிறதா, இரண்டு கையையும் நீட்டச் சொன்னால் ஒன்று தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் ஒன்று இருந்தாலும் அந்த நொடியே 108. மணி என்ன என்று குறித்துக்கொள்ள வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதிலும் முதல் மணியில் கிடைக்கும் பலன் நான்காம் மணியில் கிடைக்காது. சரியாகிறதா என்று வீட்டில் உட்கார்ந்து பார்க்கக் கூடாது. வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். புறா இரத்தம் தேய்ப்பதற்கும், எல்லை தாண்டிப் பச்சிலை தேடிப் போவதற்கும் செலவான நேரத்தில் கைகால் நிரந்தரமாகப் போனவர்களை நான் வாரம்தோறும் பார்க்கிறேன். அவர்களை அழைத்து வந்த பிள்ளைகளின் முகத்தையும் பார்க்கிறேன்.

மற்றவற்றுக்கு வருகிறேன். கண் இமை துடிப்பது தூக்கக் குறைவு. விட்டுவிடுங்கள். சாவி வைத்த இடம் மறப்பது இந்த வேலைச் சுமையில் எல்லோருக்கும் நடப்பது. ‘காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரிகிறது’ என்கிறீர்கள். அது நரம்பே அல்ல. ஊசி போட வரும் நர்ஸ் ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்று கையைத் தட்டுவாரே, அவர் தேடுவதும் நரம்பை இல்லை, இரத்தம் ஓடும் சிரையை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் புழங்குவதால் வரும் குழப்பம் இது. உண்மையான நரம்பு வெளுத்த நூல்கயிறு போன்றது. தோலுக்கு மேலே நீலமாகத் தெரியாது. காலில் புண்ணோ வீக்கமோ வந்தால் காட்டுங்கள், போதும்.

இரவில் கை மரத்து, உதறினால் சரியாவது மட்டும் நிஜமாகவே நரம்புச் சங்கதி. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் என்று நீங்களே சரியாக எழுதியிருக்கிறீர்கள். மணிக்கட்டில் ஒரு குறுகலான வழியில் நரம்பு நசுங்குகிறது. நாள் முழுக்கப் புளியைத் தட்டி, ஓடு உடைத்து, கொட்டை பிதுக்கும் மணிக்கட்டு அது. இரவில் மணிக்கட்டு மடங்காமல் பட்டை கட்டிப் படுங்கள். சர்க்கரையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். கட்டை விரலுக்குக் கீழே சதை வற்றினால் தள்ளிப்போட வேண்டாம்.

இதற்காக மூன்று மாதமாக மெடிக்கலில் வாரம் ஒரு ‘சிவப்பு ஊசி’ போட்டு வந்திருக்கிறீர்கள். அது பெரும்பாலும் பி12 வைட்டமின். இரத்தத்தில் அது குறைந்தவர்களுக்கு நல்ல மருந்து, குறையாதவர்களுக்குப் பயனில்லை. நசுங்கிய நரம்பை அது விடுவிக்காது, மூளைக் குழாய் அடைப்பைத் தடுக்காது. அதோடு பொட்டலத்தில் மடித்துக் கொடுத்த வெள்ளை மாத்திரை வலி மாத்திரையாக இருந்தால் அது இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஸ்டீராய்டாக இருந்தால் சர்க்கரையையும் சேர்த்து ஏற்றும். பெயர் தெரியாத மாத்திரையை இனி வாயில் போடாதீர்கள். மிச்சமிருப்பதை நாளைக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள். மகன் செல்போனில் காட்டிய ‘நரம்பு மண்டலம் செத்துக்கொண்டிருப்பதன் ஏழு அறிகுறிகள்’ வீடியோ இமைத் துடிப்பைச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறது. வாய் கோணியதைப் பற்றி அதில் ஒரு சொல் இருந்ததா?

ஊர்த் தண்ணீரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃப்ளோரைடு அதிகம் என்பது உண்மை. அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும். பல ஆண்டுகள் குடித்து மிக முற்றியவர்களுக்கு முதுகெலும்பு தடித்துத் தண்டுவடத்தை அழுத்தி இரண்டு கால்களும் விறைக்கலாம். பத்து நிமிடத்தில் வந்து போகாது. காய்ச்சினாலும் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரையே பிடியுங்கள்.

களியும் கீரையும் நன்றாகச் சாப்பிடுங்கள். ஊறுகாயையும் கருவாட்டையும் குறையுங்கள், அவற்றில் இருக்கும் உப்பு உங்களுக்கு ஆகாது. கொட்டை எடுக்கும்போது வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

நாளைக்குத் தனியாகப் போகாதீர்கள். மருமகளை அழைத்துப் போங்கள். அந்தப் பத்து நிமிடம் உங்கள் முகம் எப்படி இருந்தது என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.