மொட்டை மாடியில் பஃப் பேனல் அறை: வெயில் சரி, ஈரத்துக்கு என்ன வழி?

கேள்வி இரண்டு பாகம். சென்னையில் மொட்டை மாடியில் ஏசியோடு ஒரு பஃப் பேனல் அறை போட்டால் வெயில் தாங்குமா, மழைக்காலத்தில் ஓதம் அடிக்குமா? கீழ் வீட்டில் ஏற்கெனவே ஓதம் அடிக்கும் சுவரின் உள்பக்கம் அதே பேனலை ஒட்டி மறைத்துவிடலாமா?

முதலாவது, தாராளமாகப் போடலாம். இரண்டாவது, வேண்டவே வேண்டாம்.

தூத்துக்குடியில் மீன், இறால் பதப்படுத்தும் ஆலைகளுக்குக் குளிர் அறை கட்டும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். மாடி அறைக்கும் குளிர் அறைக்கும் பேனல் ஒன்றுதான்: இரண்டு பக்கமும் பெயின்ட் பூசிய மெல்லிய இரும்புத் தகடு, நடுவில் பாலியூரித்தேன் நுரை (பஃப் என்பது இதுதான்). கனம் மட்டும் மாறும்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்குச் சுமார் 2 வாட் வெப்பத்தைக் கடத்தும். 50 மி.மீ. பஃப் பேனலில் அது 0.45க்குள். வெறும் கான்கிரீட் தளத்தில் 3.5ஐத் தாண்டும். வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்தி விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா (2018) கூரைக்கு 1.2 வரைதான் அனுமதிக்கிறது, ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வெயில் அதிகம் விழுவதும் கூரையில்தான், அதனால் சுவரைவிடக் கூரைப் பேனலில்தான் காசு போட வேண்டும். வெளித்தகடு வெள்ளையாக இருக்கட்டும். பக்கத்து வீட்டு ஷெட் அழகாக இருக்கிறதே என்று கருநீலம் கேட்காதீர்கள்.

ஒன்று மட்டும்: பேனல் குளிர்ச்சி தராது. வெப்பம் உள்ளே வருவதைத் தடுப்பதுபோல வெளியே போவதையும் தடுக்கும். ஏசி இல்லாமல் நாலு பேர், ஒரு கம்ப்யூட்டர், மேற்கே பெரிய கண்ணாடி ஜன்னல் என்று வைத்தால் சாயங்காலம் புழுங்கித் தள்ளும். எதிரெதிரே ஜன்னல் வைத்து ராத்திரி திறந்துவிட்டால் சட்டென்று ஆறும். செங்கல் சுவர்போலப் பகல் சூட்டைப் பிடித்து வைத்து நடுராத்திரியில் நம்மேல் விடுகிற குணம் இதற்குக் கிடையாது.

இனி ஈரம். எல்லோரும் மழையை நினைக்கிறார்கள், காற்றில் இருக்கும் நீராவியை நினைப்பதில்லை. சென்னையில் ஒரு புழுக்கமான மாலை, 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வெளியே நீராவியின் அழுத்தம் சுமார் 3.6 கிலோபாஸ்கல். ஏசி ஓடும் அறைக்குள், 24 டிகிரியில் 50 சதவீதம் என்றால், 1.5. ஆக நம் ஊரில் நீராவி எந்நேரமும் வெளியிலிருந்து உள்ளே நுழையத்தான் முட்டிக்கொண்டிருக்கும். கனடாவின் ஜனவரியில் இது தலைகீழ். வீட்டுக்குள் வெதுவெதுப்பான ஈரக் காற்று, வெளியே எலும்பை உறைய வைக்கும் வறண்ட குளிர். அதனால் அங்கே நீராவியைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாளைச் சுவரின் உள்பக்கம் அடிக்கிறார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ‘உள்ள நல்லா சீல் பண்ணிடுங்க, வெளிய சும்மா விட்டாலும் பரவாயில்ல’ என்று சொல்கிறவர்கள் இங்கே நிறைய. ஏசி போடுகிற அறைக்கு இங்கே வெளிப்பக்கம்தான் முதலில் அடைபட வேண்டும்.

அந்த 32 டிகிரி காற்று 27 டிகிரிக்கு இறங்கினாலே நீர் விடத் தொடங்கும். ஏசி அறையின் உள்தகடோ 24இல் இருக்கிறது. இணைப்பின் இடுக்கு வழியாக வெளிக்காற்று நுழைந்து அந்தத் தகட்டின் முதுகைத் தொட்டால் அங்கே நீர் படியும். உள்ளே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு எதுவும் தெரியாது. ஏசியை 18இல் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் வேகமாக நடக்கும்.

குளிர் அறையில் இதன் விசுவரூபத்தைப் பார்க்கலாம். மைனஸ் 18 டிகிரி அறைக்குள் நீராவி அழுத்தம் 0.13 கிலோபாஸ்கல்தான், வெளியே அதைப்போலக் கிட்டத்தட்ட முப்பது மடங்கு. பழைய அறை ஒன்றைப் பிரித்தபோது, இணைப்பு விட்டுப்போயிருந்த பக்கத்துப் பேனலை இரண்டு பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. புதிதில் சதுர மீட்டருக்குப் பன்னிரண்டு, பதிமூன்று கிலோ இருந்த பேனல் அது. அறுத்தால் நுரைக்குள் பனிக்கட்டி. வெப்பம் கடத்தும் அளவு பஃப்புக்கு 0.023 என்றால் தண்ணீருக்கு 0.6, பனிக்கட்டிக்கு 2.2. சுவரில் நுரை இருந்த இடத்தில் பனிக்கட்டி இருந்தால் கம்ப்ரஸர் நிற்குமா? கேஸ் குறைந்துவிட்டது என்று ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இரும்புத் தகடு நீராவியைத் துளிகூட விடாது. எனவே பேனலின் நடுவில் பிரச்சினை வராது, எல்லாம் ஓரத்தில்தான். அதே காரணத்தால் ஓரம் வழியாக உள்ளே போனது காய்ந்து வெளியேறவும் வழியில்லை.

பேனலும் பேனலும் நாக்கும் பள்ளமுமாகச் சேரும் இடத்தில், சேர்ப்பதற்கு முன்பே வெளிப்பக்கப் பள்ளத்தில் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) ஓட்டச் சொல்லுங்கள். சேர்த்து முடித்த பிறகு மேலாக இழுக்கும் சிலிக்கான் கோடு பார்வைக்கு நன்றாக இருக்கும், இரண்டு கோடையில் வெடித்துவிடும். பேனலின் அடி உட்காரும் தகட்டுப் பள்ளத்தை, அதாவது அடிச் சேனலை, தளத்தின் மேல் நேராக வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் கோளாறு. மழை பெய்தால் சேனல் தொட்டியாகிவிடும், பேனலின் வெட்டிய அடிப்பக்கம் அதில் ஊறிக்கொண்டே நிற்கும். நாலு முதல் ஆறு அங்குல உயரத்துக்குக் கான்கிரீட்டில் ஒரு கட்டை எழுப்பி, அதன்மேல் சேனல் வைத்து, வெளித்தகட்டின் ஃப்ளாஷிங் (மழைநீரை வெளியே வழியவிடும் மடிப்புத் தகடு) அந்தக் கட்டையைத் தாண்டிக் கீழே தொங்கும்படி மடிக்க வேண்டும். ஏசி காப்பர் பைப்புக்குப் போடும் ஓட்டை வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும்; சுற்றிலும் ஸ்ப்ரே ஃபோம் அடித்து, வெளியே சீலன்ட். ஏசிக்காரர் ஓட்டை போட்டு, கிடைத்த துணியை அடைத்துவிட்டுப் போய்விடுவார், கூடவே நில்லுங்கள். கடற்கரையை ஒட்டிய பகுதி என்றால் உப்புக் காற்று முதலில் தின்பது ஸ்க்ரூவையும் தகட்டின் வெட்டு முனையையும்தான். ரப்பர் வாஷர் வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவுக்குக் கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

ஓதம் அடிக்கும் சுவருக்கு வருவோம். அந்த ஈரம் வெளிப்பூச்சு விரிசல் வழியாகவோ, தரையிலிருந்தோ, பாத்ரூம் குழாயிலிருந்தோ வருகிறது. இதுவரை அது அறைப்பக்கம் காய்ந்துகொண்டிருந்தது. உப்புப் பூத்து பெயின்ட் உரிவது அதனால்தான். அங்கே போய் நீராவி புகாத தகட்டை ஒட்டினால் காயும் வாசலை அடைக்கிறீர்கள். ஏசி வேறு ஓடினால் தகட்டின் பின்புறம் குளிர்ந்து, சுவரின் ஈரம் அதில் முத்து முத்தாகப் படியும். ஓதத்தை மறைக்கப் பிவிசி பேனல் அடித்த வீடுகளில் பேனலைக் கழற்றிப் பாருங்கள், பின்னால் கறுப்புப் பூஞ்சை அப்பியிருக்கும். கனடாவின் வான்கூவரில் 1980, 90களில் கட்டிய அடுக்குமாடிகளில் மழைநீர் சுவருக்குள் புகுந்து, காய வழியில்லாமல் மரச்சட்டங்கள் மக்கிப்போயின. 1998இல் அந்த மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் விசாரணை வைக்கும் அளவுக்குப் போனது. முதலில் நீர் வரும் வழியை அடையுங்கள், சுவர் ஒரு கோடை முழுக்கக் காயட்டும். அதற்குப் பிறகும் வெப்பத் தடுப்பு தேவைப்பட்டால் அது சுவரின் வெளிப்பக்கத்துக்குத்தான்.

நெருப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். விலை குறைவு என்று தெர்மாகோல் பேனலைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அது உருகி எரியும். பஃப்பும் எரியக்கூடியதே. 2017இல் லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் இறந்தது, வெளிச்சுவரில் போர்த்தியிருந்த எரியும் பேனல்கள் வழியாகத் தீ மேலே ஏறியதால். அது வேறு வகைப் பேனல், பாடம் ஒன்றுதான். வயரிங் எல்லாம் பைப்புக்குள் போகட்டும், அந்த அறையில் கேஸ் அடுப்பு வேண்டாம். ராக்வூல் (கல்லை உருக்கி இழுத்த பஞ்சு) வைத்த பேனல் எரியாது, ஆனால் நனைந்தால் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்; மாடிக்கு அதைப் போட்டால் ஓர வேலையில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

காற்றுக்கும் கட்ட வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயலைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு லேசான பெட்டியை ஒரு இன்ஜினியரிடம் காட்டி, பீம் போகும் இடமாகப் பார்த்து ஆங்கர் போல்ட் போடுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் 50 மி.மீ. பேனலில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். தகட்டை உரித்துவிட்டு நுரையைப் பத்துக்குப் பத்து சென்டிமீட்டராக அறுத்து, நகைக்கடைத் தராசில் போடுங்கள். கன மீட்டருக்கு 40 கிலோ என்று அவர்கள் சொல்வது உண்மையானால் 20 கிராம் காட்ட வேண்டும். 15 காட்டினால் வேறு ஆளைப் பாருங்கள்.