மருத்துவத் துறையில் பெண்களுக்குச் சம்பளம் குறைவு என்கிறார்களே, டாக்டர்களுக்குமா?

ஆமாங்க, டாக்டர்களுக்கும்தான். நான் ஈரோட்டில் மயக்க மருந்து டாக்டர். பார்த்ததைச் சொல்கிறேன்.

அரசு வேலையில் ஒரே பதவிக்கு ஆணும் பெண்ணும் ஒரே சம்பளம்தான். தனியாரில் அது நிர்வாகத்தின் அறையில் பேசி முடிவாகிறது. "வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க?" என்று என்னிடம் கேட்டார்கள். என்னோடு ஒரே வருடம் பிஜி முடித்த நண்பரிடம் மனைவியின் வருமானத்தை யாரும் விசாரிக்கவில்லை. அதே ஆஸ்பத்திரியில், அதே வேலைக்கு அவருக்கு என்னைவிட அதிகம் கொடுத்தார்கள். பெண் வாங்கும் சம்பளம் குடும்பத்துக்கு உபரிக் காசு என்ற நினைப்புதான் எல்லாவற்றுக்கும் வேர்.

மாதச் சம்பளம் இல்லாமல், ஒரு ஆபரேஷன் கேஸுக்கு இவ்வளவு என்று ஆஸ்பத்திரிகளுக்குப் போகும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் ரேட் ஒன்றுதான். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் வருகிறது. சிசேரியன் என்றால் எனக்கு போன் வரும். மணிக்கணக்கில் ஓடும் முதுகுத்தண்டு ஆபரேஷனோ, ராத்திரி வரும் விபத்துக் கேஸோ என்றால் ஆண் டாக்டருக்குப் போகும். "இந்நேரத்துல மேடத்தை எதுக்குத் தொந்தரவு பண்ணோணும்" என்பார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள், ஆனால் மாதக் கடைசியில் அது வருமானத்தில் தெரியும். சிசேரியனும் நடுராத்திரியில் வரத்தான் செய்கிறது, அதற்குக் கூப்பிட மட்டும் யாரும் தயங்குவதில்லை.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலக அளவில் இந்தத் துறையில் 67 சதவீதம் பேர் பெண்கள். ஊதிய இடைவெளி சுமார் 20 சதவீதம். வயது, படிப்பு, வேலை நேரத்தைக் கணக்கில் எடுத்தால் அது குறைய வேண்டும் என்றுதானே நினைப்போம்? 24 ஆகக் கூடுகிறது.

நர்சுகள் நிலைமை இன்னும் மோசம். "கல்யாணம் ஆகிற வரைக்கும்தானே" என்று சொல்லியே அந்தத் தொழிலின் சம்பளத்தையே அமுக்கி வைத்திருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று 2016இலேயே பரிந்துரைத்தது. அதைக்கூடக் கொடுக்காத இடங்கள் இன்றும் இருப்பது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

வேலைக்குச் சேரப்போகும் தங்கச்சிகளே, அந்த இடத்தில் முன்பு இருந்தவர் என்ன வாங்கினார் என்று தயங்காமல் கேளுங்கள். வீட்டுக்காரர் வருமானத்தை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி எந்தக் கேஸுக்கும் வருவேன் என்று நான் சர்ஜன்களிடம் நேரிலேயே போய்ச் சொன்னேன். அப்புறம்தான் பெரிய கேஸ்களுக்கும் போன் வர ஆரம்பித்தது.