குளிரில் சீலண்ட் விட்டுப்போவது ஏன்?

கேள்வி: 400 சதவீதம் நீளும் என்று டப்பாவில் போட்டிருந்த, கான்கிரீட் இணைப்பின் இடைவெளியை அடைக்கும் பாலியூரித்தேன் சீலண்ட், மைனஸ் 20 டிகிரியில் கான்கிரீட் ஓரத்தை விட்டுக் கழன்றுவிட்டது. சரக்கே மட்டமா?

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். அந்த 400, மெல்லிய பட்டையாக வெட்டி, அறை வெப்பநிலையில் இழுத்துப் பார்த்த எண். இணைப்புக்குள் நிலைமை வேறு. குளிரில் கான்கிரீட் சுருங்கி இடைவெளி அகலும். அதே நேரத்தில் சீலண்டும் விறைக்கும். அதிகம் நீள வேண்டிய நாளில்தான் அது முரண்டுபிடிக்கும், அந்த இழுப்பு முழுவதும் ஒட்டிய ஓரத்தில் விழும்.

6 மீட்டர் கான்கிரீட் பலகை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.06 மி.மீ. சுருங்கும். 35 டிகிரி வெயிலில் பூசியிருந்தால் மைனஸ் 20 வரை 3.3 மி.மீ. இடைவெளி 12 மி.மீ. என்றால் அது 27.5 சதவீதம், 25 சதவீத அசைவுக்கான சீலண்ட் தாங்காது. 10 டிகிரியில் பூசியிருந்தால் 15 சதவீதம்தான்.

கழன்ற துண்டைத் திருப்பிப் பாருங்கள். அதில் சிமெண்ட் பொடி மெல்லியதாக ஒட்டியிருந்தால், கான்கிரீட்டின் மேல்தோலே பலமில்லாதது. தேய்த்து எடுத்துவிட்டு பிரைமர் (ஒட்டுக்கு உதவும் அடிப்பூச்சு) அடிக்க வேண்டும். துண்டு வெறுமையாக இருந்தால் ஒட்டே பிடிக்கவில்லை. அடியில் பேக்கர் ராடு (இடைவெளிக்குள் திணிக்கும் நுரைக் கயிறு) இருந்ததா என்பதையும் கவனியுங்கள். அது இல்லாமல் சீலண்ட் அடித்தளத்திலும் ஒட்டிக்கொண்டால், தாராளமாக நீள வழியின்றிக் கிழியும். ஆழம் அகலத்தில் பாதி இருந்தால் போதும்.

கேள்வி: குளிரில் விறைப்பை அளக்க மாதிரி எப்படிச் செய்வது?

பதில்: இரண்டு சிமெண்ட் சாந்துக் கட்டைகளுக்கு நடுவே 12 x 12 x 50 மி.மீ. அளவில் சீலண்டை நிரப்பி, 28 நாள் இறுக விடுங்கள். ஒட்டாத பிளாஸ்டிக் கட்டைகளால் இடைவெளியைப் பிடித்துவைத்து, பிறகு அவற்றை மெதுவாக எடுங்கள். பிளேடு ஓரத்தில் கீறினால் கிழிசல் அங்கிருந்தே தொடங்கும், சோதனை வீண்.

மைனஸ் 20-ல் நன்றாகக் குளிரவைத்து, அதே குளிரறைக்குள் நிமிடத்துக்கு 5.5 மி.மீ. வேகத்தில் இழுங்கள். வெளியே எடுத்து அறையிலுள்ள இயந்திரத்தில் மாட்டுவதுதான் பலர் செய்யும் தவறு: மேற்பரப்பு சூடாகிவிடும், விசை குறைவாகக் காட்டும். இடைவெளி 24 மி.மீ. ஆகும்போது விசையைக் குறியுங்கள். ஒட்டிய பரப்பான 600 சதுர மி.மீ.-ஆல் (12 x 50) வகுத்தால் மாடுலஸ், அதாவது விறைப்பின் அளவு. சீலண்டுகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 11600-இன்படி, குறைந்த மாடுலஸ் சீலண்டுக்கு மைனஸ் 20-ல் 0.6, 23 டிகிரியில் 0.4 நியூட்டன்/சதுர மி.மீ. உச்சவரம்பு. அதாவது மைனஸ் 20-ல் 360 நியூட்டனைத் தாண்டக் கூடாது. அறுபடும் நீளத்தைவிட இந்த எண்ணைத்தான் நாங்கள் நம்புவோம்.

சிலிகான் இந்தக் குளிரில் அதிகம் மாறாது. பாலியூரித்தேனும் பாலிசல்ஃபைடும் அதைவிட விறைக்கும்.

கேள்வி: குளிர்காலத்திலேயே பூசலாமா?

பதில்: 5 டிகிரிக்குக் கீழே தவிர்ப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியாத உறைபனிப் படலம் ஒட்டைக் கெடுக்கும். சால்வென்டால் (கரைப்பான் திரவத்தால்) துடைத்தால் அது ஆவியாகும்போது பரப்பு இன்னும் குளிர்ந்து ஈரம் படியும். அதனால் துடைத்தபின் வெப்பக்காற்றால் உலர்த்துங்கள். காற்றிலுள்ள ஈரத்தால் இறுகும் வகைகள், வறண்ட குளிர்காற்றில் மிக மெதுவாகவே இறுகும். இறுகுவதற்குள் பகலிரவு அசைவு சுருக்கம் விழவைக்கும். சீலண்ட் குழாய்களை மட்டும் வெதுவெதுப்பான அறையில் வையுங்கள், சீலண்ட் அடிக்கும் துப்பாக்கியில் எளிதாக வரும்.