நீலமா எரிஞ்சா போதுமா? பாய்லர் பர்னர் கேள்வி பதில்

கேள்வி: திருப்பூர்ல சின்ன கார்மெண்ட்ஸ் யூனிட் வச்சிருக்கோம். அயர்னிங்குக்கு மணிக்கு 600 கிலோ ஸ்டீம் குடுக்கற பாய்லர், ரெண்டு வருசமா எல்பிஜில ஓடுச்சு, இப்ப பைப் கேஸுக்கு (குழாய்ல வர்ற இயற்கை எரிவாயு) மாத்திட்டோம். மாத்துன ஆளு ஓட்டை வழியா எட்டிப் பாத்துட்டு "நல்லா நீலமா எரியுது, தொடவே வேண்டாம்"னுட்டு போயிட்டாரு. ஆனா காலைல பிரஷர் ஏற முன்னைக்கு கால் மணி நேரம் கூட ஆகுது, கேஸும் கணக்குக்கு மேல போற மாதிரி இருக்கு. காத்தை கொறைச்சா சரியாயிடுமாங்க?

பதில்: அவசரப்பட்டு டேம்பர்ல (காத்தை கூட்டிக் கொறைக்கற தகடு) கை வைக்காதீங்க. நீங்க சொல்றத பாத்தா காத்து கூட இருக்கறத விட கேஸ் கம்மியா போகுதோன்னுதான் எனக்கு சந்தேகம். பைப் கேஸ்ல ஒரு கன மீட்டருக்கு இருக்கற சூடு எல்பிஜில இருக்கறதுல பாதி கூட கிடையாது, அதனால அதே சூடு வேணும்னா நிறைய கேஸ் உள்ள போகணும், நாசில் (கேஸ் பீச்சற முனை) ஓட்டை பெருசாகணும், இல்ல பிரஷராவது மாறணும். காத்து மட்டும் ரெண்டுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் வேணும். அவரு நாசில மாத்தாம ரெகுலேட்டர மட்டும் திருப்பிட்டு போயிருந்தா, ப்ளோயர் (காத்து தள்ளற ஃபேன்) பழையபடியே காத்தை தள்ளும், கேஸ் பத்தாது, மிச்சக் காத்து சும்மா சூடாகி சிம்னி வழியா வெளிய போயிட்டே இருக்கும். அதுக்கும் சேத்து காசு குடுக்கறது நீங்கதான்.

முதல்ல மீட்டர பாருங்க. வேற எதுக்கும் கேஸ் போகாத நேரத்துல பர்னர ஃபுல் ஃபயர்ல, அதாவது முழு தீயில விட்டு ரெண்டு நிமிசத்துக்கு எவ்ளோ ஓடுதுன்னு எடுத்து 30-ஆல பெருக்குங்க. உங்க பாய்லருக்கு மணிக்கு சுமாரா 40, 45 கன மீட்டர் வரணும் (மீட்டர் ரெகுலேட்டருக்கு முன்னாடி ஹை பிரஷர்ல இருந்தா ரீடிங் கம்மியா காட்டும், அதையும் கணக்குல எடுத்துக்கங்க). 30 தான் வருதுன்னா டேம்பர விட்டுட்டு, மாத்துனவர கூப்பிட்டு நாசில பத்தி கேளுங்க.

கேஸ் சரியா இருந்தா அப்புறம் காத்து. இங்கதான் அந்த நீலக் கதை. தேவைக்கு ஒன்றரை மடங்கு காத்து போனாலும் நீலமாத்தான் எரியும், சரியா எரியாதப்ப வர்ற விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடு வந்தா அதுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல. சத்தத்த வச்சே செட் பண்ணுவேன்னு சொன்ன ஒரு ஆபரேட்டர எனக்குத் தெரியும், நல்ல மனுசன், ஆனா புகைய அளக்கற அனலைசர சிம்னில சொருகிப் பாத்தா ஆக்சிஜன் 9 சதவீதம், அதாவது அவ்ளோ காத்து தேவைக்கு மேல போகுது!

அதனால அந்த ஃப்ளூ கேஸ் (சிம்னிப் புகை) அனலைசர் வச்சிருக்கற, பர்னர் வேலை தெரிஞ்ச ஆளத்தான் கூப்பிடணும், நீங்க பக்கத்துல நின்னு பாருங்க. வெளிக்காத்துல மெஷின் ஆக்சிஜன் 20.9 சதவீதம் காட்டணும். பாய்லர் நல்லா சூடாகி வழக்கமான பிரஷர்ல ஓடிட்டு இருக்கறப்பதான் எடுக்கணும், ஸ்டார்ட் பண்ண அஞ்சாவது நிமிசம் எடுக்கற ரீடிங் எதுக்கும் ஆகாது. ஃபுல் ஃபயர்ல காத்தை கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சுட்டே வந்தா ஆக்சிஜன் இறங்கும், கார்பன் மோனாக்சைடு 10, 20 பிபிஎம்னு (பத்து லட்சத்துல எத்தனை பங்குங்கற அளவு) சும்மா கிடக்கும், ஒரு இடத்துல திடீர்னு நூறு இருநூறுன்னு எகிறும். அதுதான் எல்லை. அங்க நிக்கக் கூடாது, அதுக்கு மேல ஒண்ணு ஒன்றரை சதவீதம் ஆக்சிஜன் கூடற வரைக்கும் திரும்பி வந்து ஸ்க்ரூவ லாக் பண்ணணும். பொதுவா 3-ல இருந்து 4-க்குள்ள வந்து நிக்கும். லோ ஃபயர்ல, அதாவது கொறைஞ்ச தீயில 5, 6 இருந்தா விட்டுடுங்க, அங்க காத்தும் கேஸும் அவ்ளோ நல்லா கலக்காது.

ஆக்சிஜனும் கூட, மோனாக்சைடும் கூடன்னு ரெண்டும் சேந்து வந்தா டேம்பர திருப்பி பிரயோஜனமில்ல. காத்தை கேஸோட கலக்க வைக்கற டிஃப்யூசர் பிளேட் அழுக்கா இருக்கும், இல்ல வளைஞ்சிருக்கும், இல்ல தீ போய் சுவத்துல அடிக்கும். கழட்டித்தான் பாக்கணும்.

லாபம் எவ்ளோன்னு கேப்பீங்க. புகை 230 டிகிரில போகுதுன்னு வச்சுக்கங்க, ஆக்சிஜன 8-ல இருந்து 3-க்கு கொண்டு வந்தா கிட்டத்தட்ட இரண்டரை சதவீதம் கேஸ் மிச்சம். பெருசா தெரியலன்னா வருசக் கணக்கு போட்டுப் பாருங்க.

கேள்வி: ஈரோட்ல இருந்து எழுதறேன். மார்கழில ஆள் வச்சு ஆக்சிஜன கரெக்டா 2 சதவீதத்துல செட் பண்ணோம், சித்திரைல மோனாக்சைடு ஏறுது. யாரும் தொடலைங்க.

பதில்: வெயில் தொட்டிருக்கு. 20 டிகிரி காத்து 40 டிகிரியானா ஆறரை சதவீதம் கிட்ட லேசாயிடும், ப்ளோயர் அதே கன அளவத்தான் தள்ளும், உள்ள போற ஆக்சிஜன் கொறையும், ஆனா கேஸ் ஏறக்குறைய அப்படியே போகும். மார்கழில 2 வச்சா சித்திரைல அரை சதவீதத்துக்குப் பக்கத்துல வந்து நிக்கும். குளிர்ல செட் பண்ணா 3.5-க்கு கீழ போகாதீங்க. இன்னொண்ணு, உங்க ஊர்ல ப்ளோயர் வலைய மறக்கவே கூடாது, பறக்கற பஞ்செல்லாம் அதுலதான் போய் ஒட்டும், வாரம் ஒருக்கா தட்டி விடுங்க. முதல்ல அத பாத்துட்டு அப்புறம் அனலைசர்.

கேள்வி: பாத்ரூம்ல கேஸ் கீசர் வச்சிருக்கோம், நீலமாத்தான் எரியுது. பயமில்லயே சார்?

பதில்: பயம் இருக்கும்மா. மூடுன பாத்ரூம்ல அது எரிய எரிய ஆக்சிஜன் கொறைஞ்சு மோனாக்சைடு வரும், மயக்கம் வர்றதே தெரியாம விழுந்துடுவாங்க. அத கழட்டி வெளிய, காத்தோட்டமா இருக்கற இடத்துல மாட்டி, தண்ணி பைப்ப மட்டும் உள்ள கொண்டு வாங்க. அதுவரைக்கும் அடுப்புல சுட வச்சு குளிங்க.