சால்வடோரில் பேரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தம் பிரேசிலில், சாவோ பாவ்லோவில் இருக்கிறேன். சம்பளத்தில் பாதி ஊருக்குப் போய்விடுகிறது. விடுப்பில் ஒரு வாரம் சால்வடோர் பார்க்க ஆசை. குறைந்த செலவில் எப்படிச் சுற்றலாம்? நான் சைவம், சாப்பாடு கிடைக்குமா? பாதுகாப்பான ஊர்தானா? தெருவில் விற்பவர்கள் வெளிநாட்டுக்காரர்களிடம் விலையை ஏற்றிச் சொல்வார்களாமே, எப்படிப் பேரம் பேசுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பாதுகாப்பு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருட்டியபின் ஆளில்லாத தெருவில் நடக்காதீர்கள், செல்போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அதற்குமேலும் பயமென்றால் அறையிலேயே இருக்கலாம்.

காசில்லாமல் பார்க்க அங்கே நிறைய இருக்கிறது. 1549-ல் போர்த்துக்கீசியர் எழுப்பிய ஊர், 1763 வரை பிரேசிலின் தலைநகர். பழைய நகரமான பெலொரீன்யோவின் கல் பாவிய சரிவுத் தெருக்களில் நாள் முழுக்க நடக்கலாம். செவ்வாய் மாலை அங்குள்ள ரொசாரியோ தேவாலயத்தின் பூசைக்குப் போங்கள். கறுப்பின மக்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது அது. பாட்டோடு முரசும் ஒலிக்கும். கிழக்குக் கரை ஊர்தான், ஆனால் பார்ரா கடற்கரை வளைகுடாவைப் பார்த்து மேற்கே திரும்பியிருப்பதால் அங்கே சூரியன் கடலில் இறங்கும்.

சரி, பேரம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான்.

சால்வடோரின் ரியோ வெர்மெல்யோ பகுதியில் ஒரு மாலை, கூட வந்த நண்பர் அக்கராஜே என்கிற காராமணி வடை விற்ற பெண்மணியிடம் விலை குறைக்கச் சொல்லி விரல்களைக் காட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை லேஸ் பாவாடை, தலைக்கட்டு, கழுத்தில் மணிமாலைகள். அந்த அம்மாள் நிமிரவே இல்லை. மரக்கரண்டியால் மாவை அடித்தார், அள்ளினார், சிவப்புப் பாமாயிலில் விட்டார், புரட்டினார். வரிசை எங்களைத் தாண்டிப் போய்விட்டது. எனக்கு நண்பர் மேல்தான் கோபம் வந்தது.

அது என்ன லேசான வேலையா? காராமணியை ஊறவைத்து, ஒவ்வொரு பயறிலும் தோல் கழற்றி, அரைத்து, வெங்காயமும் உப்பும் சேர்த்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உளுந்து வடைக்குப் பொங்கப் பொங்க ஆட்டுகிறோமே, அந்தப் பதம் வரும்வரை. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களோடு வந்த பண்டம். அந்தக் காலத்தில் அடிமைப் பெண்களை இப்படித் தெருவில் விற்க அனுப்புவார்கள். நாளுக்கு இவ்வளவு என்று எஜமானுக்குக் கட்டிவிட வேண்டும். மேலே மிஞ்சுவது அவர்களுக்கு. அந்தச் சில்லறையைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு. அடிமை முறையை பிரேசில் 1888-ல்தான் ஒழித்தது. 2014 கால்பந்து உலகக் கோப்பையின்போது மைதானத்தருகே தெரு வியாபாரம் கூடாது என்று ஃபிஃபா விதி காட்டியது. இந்தப் பெண்கள் போராடி அங்கே விற்கும் உரிமையை வாங்கினார்கள். அவர்களிடமா உங்கள் சாமர்த்தியத்தைக் காட்டப் போகிறீர்கள்? உங்களிடம் பணமில்லை என்றால் நீங்கள் ஒன்று குறைத்துச் சாப்பிடுங்கள். அவர் ஏன் குறைத்துச் சம்பாதிக்க வேண்டும்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்கும் அனுப்பிவிட்டு, மிச்சத்தில் ஊர் பார்க்கக் கிளம்புகிற உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன்.

சைவம் கேட்டீர்கள். அக்கராஜே மாவில் இறால் இல்லை. ஆனால் பிளந்து உள்ளே வைக்கிற வட்டப்பா என்கிற கூழ், காருரு என்கிற வெண்டைக்காய்க் கூட்டு இரண்டிலும் உண்டு. தக்காளி மட்டும் வைக்கச் சொல்லுங்கள். மிளகாய்ச் சாந்திலும் இறால் இருக்கலாம். மதியத்துக்குத் தட்டை எடைபோட்டுக் காசு வாங்கும் கடைகள் இருக்கின்றன. சோறு, காய்கறி என்று வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், விமான நிலையத்தில் டாக்சி பிடிக்காதீர்கள். வாசலிலிருந்து இலவசப் பேருந்து மெட்ரோவில் கொண்டுவிடும், லப்பா நிலையத்தில் இறங்கினால் பழைய நகரம் பக்கம். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது. அந்தக் காசில் ஒரு வாரத்துக்கான அக்கராஜே தேறும்.