வளையலை அடகு வைக்கலாமா, டாக்டர்?

வாசகர் கேள்வி – கால்நடை மருத்துவர் பதில்

கேள்வி: எங்கள் செவலைக்கு 11 வயது. நாட்டு நாய்தான். லேத் பட்டறைக்குப் போகிற வழியில் மழையில் நனைந்து கிடந்த குட்டியை என் வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு மாதமாக மெலிந்துகொண்டே போனான், தண்ணீராகக் குடித்தான், அப்புறம் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரத்தப் பரிசோதனையில், கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 7.2. தனியார் மருத்துவமனையில் ஐந்து நாள் டிரிப் ஏற்றிய பிறகு 6.8. இன்னும் பத்து நாள் சேர்த்து வைத்துப் பார்க்கலாம், ஒரு நாளைக்கு 2,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். இதுவரை 31,000 செலவாகிவிட்டது. அடுத்த மாதம் மகளுக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டும். என் இரண்டு வளையலை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். வீட்டுக்காரர் வாயே திறப்பதில்லை. மாமியார், 'மனுஷனுக்கே இந்த வைத்தியம் பார்க்க வழியில்லை' என்கிறார், ஆனால் அவனுக்கு மோர்சோறு பிசைந்து வைப்பதும் அவர்தான். டயாலிசிஸ் செய்யலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். பணத்தைப் பார்த்து நிறுத்தினால் நானே கொன்ற மாதிரி ஆகாதா?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வளையலை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாயின் கிட்னி சத்தம் போடாமல் கெடுகிற உறுப்பு. முக்கால்வாசி வேலை நின்றுபோகிற வரைக்கும் கிரியாட்டினின் பெரிதாக ஏறாது. நாய்க்கு அது 1.4-க்குள் இருக்க வேண்டும். 5-ஐத் தாண்டினால் நான்கு நிலைகளில் கடைசி நிலை என்று வைத்திருக்கிறோம். ஆனால் முதல் நாள் வந்த எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது, ஏனென்றால் வாந்தி எடுத்து, சாப்பிடாமல், நீர் வற்றிப் போன உடம்பிலும் அந்த எண் ஏறியே இருக்கும். அதனால்தான் சில நாள் டிரிப் ஏற்றிவிட்டுத் திரும்பப் பார்க்கிறோம். 7.2 என்பது 3-க்கு இறங்கியிருந்தால் நானே உங்களிடம், எப்படியாவது இன்னும் நாலு நாள் தாக்குப்பிடியுங்கள் என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு 6.8-இல் நிற்கிறது. அந்த ஐந்து நாள் செலவு வீண் இல்லை, தெரிய வேண்டியதை அது தெரியப்படுத்திவிட்டது. டிரிப் கிட்னியைச் சரி செய்யாது. உடம்பில் நீரை நிரப்பி, தேங்கின கழிவைக் கொஞ்சம் கழுவிவிடும், அவ்வளவுதான். ஐந்து நாளில் கழுவ முடியாததை அடுத்த பத்து நாள் கழுவிவிடும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உடனே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் பரிசோதனை செய்தார்களா? எலிக்காய்ச்சல் கிட்னியைத் திடீரென்று தாக்கும், நேரத்தில் மருந்து கொடுத்தால் மீண்டு வருகிற நாய்கள் உண்டு. அது வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றக்கூடியது, எனவே முடிவு தெரியும் வரை மூத்திரத்தைக் கையுறை போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு மாத மெலிவையும் தாகத்தையும் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது நாள்பட்ட வியாதி என்றுதான் எனக்குப் படுகிறது, ஆனாலும் நான் செவலையை நேரில் பார்க்கவில்லை. பணம் செலவழிப்பதாக இருந்தால் இந்தப் பரிசோதனைக்குச் செலவழியுங்கள். அதில் ஏதாவது வந்தால் நான் எழுதியிருப்பது எல்லாமே மாறும்.

டயாலிசிஸ் கேட்டிருந்தீர்கள். 1903-இல் தொடங்கிய, சென்னை வேப்பேரியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்களுக்கு அந்த வசதி இருக்கிறது. விஷம், தொற்று மாதிரி திடீரென்று நின்ற கிட்னிக்கு, அது தானாகத் தேறி வருகிற வரை தாங்கிப் பிடிக்க டயாலிசிஸ் உதவும். நாள்பட்டு அழிந்த கிட்னிக்கு வாராவாரம் செய்துகொண்டே இருக்க வேண்டும், முடிவே கிடையாது. 11 வயது நாயைத் திருச்சிக்கும் சென்னைக்கும் வண்டியில் இழுத்தடிக்க நான் சொல்ல மாட்டேன்.

சரி, அப்படியானால் என்ன செய்வது? மருத்துவமனைக்குப் போய், உங்களால் முடிந்த தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள். 'டாக்டர், எங்களிடம் இன்னும் ஐயாயிரம் இருக்கிறது, அதற்குள் அவனுக்கு நல்லது என்ன செய்யலாம்?' இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல நம் மக்கள் படுகிற கூச்சம் இருக்கிறதே, 26 வருடமாகப் பார்க்கிறேன், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஏதோ குற்றம் செய்தவர்கள் மாதிரி தலையைக் குனிந்துகொள்வார்கள். தொகை தெரியாத டாக்டர் புத்தகத்தில் உள்ள முழு சிகிச்சையைத்தான் சொல்வார். தெரிந்தால் வேறு வழி யோசிப்பார். எதற்காகச் செய்கிறோம், எத்தனை நாளில் தெரியும், மாற்றம் இல்லை என்றால் அடுத்து என்ன, இதையும் கேளுங்கள். பதில் சொல்வது எங்கள் கடமை.

வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தோள்பட்டைக்கு நடுவில் தோலைத் தூக்கி அதன் அடியில் டிரிப் ஏற்றுவதை டாக்டரிடம் ஒருமுறை பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், அளவை அவர் சொல்வார். மருத்துவமனையில் ஒரு நாளைக்கு ஆகிற செலவில் வீட்டில் பல நாள் ஓட்டலாம். குமட்டல் நிற்க மாத்திரை இருக்கிறது, அது நின்றாலே பாதி நாய்கள் கொஞ்சமாவது சாப்பிடும். எலும்பு, ஈரல், மஞ்சள் கரு, பால், தயிர் எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் அதிகம், கிட்னிக்கு ஆகாது. குழைந்த சோறும் வேகவைத்த முட்டையின் வெள்ளைக் கருவும் நல்லது. மோர்சோற்றை நான் முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. வேறு எதையுமே தொடாதவன் மாமியார் கையால் இரண்டு வாய் மோர்சோறு தின்றால் தின்னட்டும்.

உங்கள் ஊரிலேயே அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. பெரிதாகப் பார்க்க வேண்டுமென்றால் நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, தனியாரில் ஆவதில் சின்னப் பங்குதான் அங்கே ஆகும். வரிசையில் நிற்க வேண்டும், அதைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி நீங்கள் கேட்கத் தயங்கிக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004-இல் ஒரு அளவுகோல் கொண்டுவந்தார். வலி, பசி, உடம்பில் நீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பது, இப்படி ஏழுக்கும் பத்துப் பத்து மதிப்பெண். கூட்டினால் 35-க்கு மேல் வருகிற வரை நாயை வைத்துப் பராமரிக்கலாம். நீங்கள் இவ்வளவு கணக்குப் போட வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் காலையில் டீக்கடைக்குப் போகும்போது செவலையும் கூடவே போவானா? வாசல் வரையாவது வருகிறானா, பிஸ்கட்டைப் பார்த்து வால் ஆடுகிறதா? ஆடினால் காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு வாரத்தில் புள்ளி இல்லாத நாள் அதிகமானால், நேரம் வந்துவிட்டது.

அப்போது வலியில்லாமல் முடித்து வைக்கலாம். முதலில் மயக்க ஊசி, நன்றாகத் தூங்கிய பிறகு அளவுக்கு மிஞ்சிய மயக்க மருந்தை நரம்பில் ஏற்றுவோம், சில நிமிடங்களில் மூச்சு நின்றுவிடும். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இதைத் தடுக்கவில்லை. சில டாக்டர்கள் மனசு கேட்காமல் மறுப்பார்கள், அப்படியானால் வேறு ஒருவரிடம் கேளுங்கள். முடிந்தால் கூட இருங்கள், தலையை உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கொன்றதாக ஆகாது. என் வீட்டில் 13 வயது நாய் ஒன்றுக்கு இதே வியாதி வந்தது. மருந்து கையில், ஊசி கையில், செலவு ஒரு பிரச்சினையே இல்லை, 19 நாள் விடாமல் டிரிப் ஏற்றினேன். வேறு யாராவது கொண்டு வந்திருந்தால் ஆறாவது நாளே போதும் என்று சொல்லியிருப்பேன். மீதி 13 நாளும் அது எனக்காகப் பட்ட பாடு. பணம் இருந்த எனக்கு அந்த 13 நாள் இன்னும் உறுத்துகிறது. உங்கள் வீட்டுக்காரர் பேசாமல் இருப்பதும், மாமியார் கோபமாகப் பேசிக்கொண்டே சோறு பிசைவதும் ஒரே துக்கம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாலு பேரும் உட்கார்ந்து பேசுங்கள், மகளையும் கூட வைத்துக்கொண்டு. ஃபீஸ் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பற்றிப் பேசுங்கள்.

கேள்வி: மூன்று மாத ராஜபாளையம் குட்டிக்கு வாந்தியும் ரத்தபேதியும். பார்வோ வைரஸ் தொற்று, ஐந்து நாள் சேர்க்க வேண்டும், 12,000 ஆகும் என்றார் டாக்டர். அந்தக் காசுக்கு இன்னொரு குட்டியே வாங்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். நானும் விட்டுவிட்டேன். இரண்டு நாளில் செத்துப்போச்சு. தப்பு பண்ணிவிட்டேனா? வேறு குட்டி எப்போது வாங்கலாம்?
– ஈரோடு வாசகர்

பதில்: தம்பி, உண்மையைச் சொல்கிறேன். மேலே உள்ள கடிதத்தில் நான் பணத்தைப் பிடித்து வைக்கச் சொன்னேன், உங்கள் விஷயத்தில் செலவு செய்யச் சொல்லியிருப்பேன். பார்வோ வந்த குட்டிக்கு வைத்தியம் இல்லை என்றால் பெரும்பாலும் பிழைக்காது, ஒழுங்காக வைத்தியம் பார்த்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பிழைத்தால் பத்துப் பன்னிரண்டு வருட வாழ்க்கை அதற்கு முன்னால் இருக்கிறது. 12,000 இல்லை என்றாலும் வழி இருந்தது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். 40 நாய்களை எடுத்து, பாதியை மருத்துவமனையிலேயே வைத்தும், மீதியை முதலில் நீர்ச்சத்தை ஈடுகட்டிவிட்டு, வீட்டில் பார்த்துக்கொள்ளக்கூடிய மருந்துகளோடும் பார்த்ததில், முதல் வகையில் 90 சதவீதமும் இரண்டாவது வகையில் 80 சதவீதமும் பிழைத்தன. உங்களுக்கு யாரும் அந்த இரண்டாவது வழியைச் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. இதில் பாதித் தப்பு எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் பக்கம்.

அடுத்த குட்டிக்கு அவசரப்படாதீர்கள். இந்தக் கிருமி வெயில் படாத மண்ணில் ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். ஃபினாயில் அதைக் கொல்லாது. தரையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பழைய படுக்கை, தட்டு எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள். வாங்குவதாக இருந்தால் தடுப்பூசி முழுதும் முடிந்த, நாலு மாதம் தாண்டிய நாயாக வாங்குங்கள், அல்லது தெருவில் இருந்து அந்த வயது தாண்டிய ஒன்றை எடுத்து ஊசி போட்டு வளருங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, 16 வாரம் ஆகிற வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசி அது, ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய்.

கேள்வி: டாக்டர் செலவை மிச்சப்படுத்த, பூனைக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?
– கடலூர் வாசகி

பதில்: கூடவே கூடாது. அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றுகிற சக்தி பூனை உடம்பில் மிகக் குறைவு. ஒரே மாத்திரையில் செத்துப்போன பூனைகளைப் பார்த்திருக்கிறேன். நாய்க்கு ஐபுரூஃபனும் அப்படித்தான், கிட்னியைக் கெடுத்துவிடும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, 68 வயது, தனியாக இருக்கிறேன். நாலு வயதுப் பெண் நாய் ஒன்று துணை. பென்ஷனில் இருந்து அதன் வைத்தியத்துக்கு எவ்வளவு ஒதுக்கி வைக்கலாம்? எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயமும் இருக்கிறது.
– நாகர்கோவில்

பதில்: அம்மா, மாதம் 500 ரூபாய் அஞ்சலகத்தில் ஆர்.டி. போடுங்கள், ஐந்து வருடத்தில் வட்டி சேர்க்காமலே 30,000 ஆகிவிடும், நாய்க்கு அப்போது ஒன்பது வயது. செல்லப்பிராணிக் காப்பீடும் இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே வந்த வியாதிக்குப் பொதுவாகத் தர மாட்டார்கள், வயது வரம்பும் உண்டு, படித்துப் பார்த்துச் சேருங்கள்.

அதைவிட முக்கியம், கருத்தடை ஆகவில்லை என்றால் இப்போதே செய்துவிடுங்கள். கருத்தடை ஆகாத பெண் நாய்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் கருப்பையில் சீழ் பிடிக்கிறது என்று ஸ்வீடனில் காப்பீட்டுக் கணக்கை வைத்துக் கண்டிருக்கிறார்கள். நடு ராத்திரியில் அவசரமாகச் செய்கிற அந்த அறுவை சிகிச்சை, கருத்தடையைப் போலப் பல மடங்கு செலவு, ஆபத்தும் கூட. வெறிநோய் ஊசியை ஜூலை 6 அன்று அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுவது வழக்கம். ஏழு வயதுக்கு மேல் வருடம் ஒருமுறை ரத்தமும் மூத்திரமும் பரிசோதனை செய்துவிடுங்கள், செவலைக்கு வந்த மாதிரி வியாதியை இரண்டாம் நிலையிலேயே பிடித்துவிட்டால் சாப்பாட்டை மாற்றியே வருடக்கணக்கில் ஓட்டலாம்.

அப்புறம் உங்கள் பயம். ஒரு தாளில் நாயின் பெயர், வயது, என்ன சாப்பிடும், எந்த டாக்டர், ஆர்.டி. புத்தகம் எங்கே இருக்கிறது, யார் அழைத்துப் போக வேண்டும் என்று எழுதி, தடுப்பூசி அட்டையோடு சேர்த்து ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டி வையுங்கள். யார் பெயரை எழுதுகிறீர்களோ அவர்களை இந்த மாதமே வீட்டுக்கு வரச் சொல்லி, நாயோடு ஒரு நாள் தங்க வையுங்கள்.